நாலரைப் பவுண்

செத்த போன்களின் வயிற்றில்
அரிசிமணி அளவில் ஒரு மோட்டர் இருக்கும்.
அழைப்பு வந்தால் நடுங்குமே, அது.
அச்சின் நுனியில் ஒருபக்கமாய்த் தொங்கும் பாரத்தைக்
குறட்டால் பிடுங்கிவிட்டால்
நடுக்கம் போய்விடும்,
சுழற்சி மட்டும் மிஞ்சும்.

புதுக்குடியிருப்புச் சந்தியில்
றீலோட் மேசைக்குப் பின்னால்
இப்படிப் பதினொன்று வைத்திருக்கிறேன்.
ஒன்பது ஓடும்.

அலம்பிலிலிருந்து அமலதாசன் வந்தார்.
"என்ர போட்டை உள்ளங்கையில வை, பிள்ளை.
சும்மா வைக்கிறதில்லை, ஓடவும் வேணும்."
பதினெட்டரை அடி. நீலம். அணியத்தில் வெள்ளைப் பட்டை.
முப்பத்திரண்டுக்கு ஒன்று என்று கீறினேன்.
ஒரு சாணுக்கும் குறைவாக வந்தது.

நீளத்தை ஒருதரம் வகுத்தால் போதும்.
பாரத்துக்கு மட்டும்
முப்பத்திரண்டை மூன்றுதரம் கூப்பிடவேண்டும்.
எஞ்சின், வலை, ஐஸ்பெட்டி,
அமலதாசன், அவருடைய மச்சான் கிறிஸ்ரோபர்,
எல்லாருமாக ஆயிரத்து நூற்றெண்பது கிலோ
மூன்றுதரம் சுருங்கி
முப்பத்தாறு கிராமில் வந்து நின்றது.

பக்கத்து நகைக்கடையில் தராசு இரவல் கேட்டேன்.
சிவநேசன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்:
"நாலரைப் பவுண்.
தாலிக்கொடிக்குக் காணாது."

ஊசிக்குழல் ஒன்றை வெட்டி அச்சுக்கு உறை,
தண்ணீர் ஏறாமல் உள்ளே வாஸ்லீன்.
சுக்கானுக்கு மிளகளவு காந்தமும்
தலைமயிர்க் கம்பியில் நாற்பது சுற்றும்.
யாரோ பிள்ளை உடைத்த விளையாட்டு ஹெலியிலிருந்து
றேடியோ போர்ட்.
ஒட்டெல்லாம் கியூட்டெக்ஸ், இரண்டு பூச்சு.
ஒரு கிராம் கூடிவிட்டது.
ஐஸ்பெட்டியைக் குடைந்தேன்.
இன்னும் அரைக் கிராம்.
மச்சானை இறக்கினேன்.
"அவன் எப்பவும் பிந்தித்தான் வாறவன்" என்றார் அமலதாசன்.

முத்தையன்கட்டு. பின்னேரம்.
துருசடியில் நின்ற ஆமிப் பெடியன்
என் கையில் ரிமோட்டைக் கண்டு எழும்பினான்.
நான் அசையவில்லை.
அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் உள்ள பாரத்தை
எத்தனைதரம் வகுத்தாலும் சுருங்காது.
கிட்ட வந்தான்.
மூடியைத் திறந்து காட்டினேன்.
"பெற்றரி?"
"பற்றரி."
அவனுக்கும் இரவல் சொல், எனக்கும் இரவல் சொல்.
ஒருகாலம் இந்தப் பக்கம்
அது வரவே தடையிருந்தது.
அவன் அப்போது பிறந்திருக்கமாட்டான்.

விட்டோம்.
போட்டைச் சுருக்கலாம், குளத்தைச் சுருக்க ஏலாது.
எங்களுக்கு ஓர் அங்குலச் சிற்றலை
அதற்கு இரண்டரை அடிக்கும் மேல்.
ஏறியது, விழுந்தது, அணியத்தால் தண்ணீர் குடித்தது.
"நேரா வெட்டாத, சரிச்சுப் பிடி,
குடு, இஞ்ச குடு!"
ரிமோட்டைப் பறித்தார்.

போகும்போது நன்றாகத்தான் போனது.
திரும்பி எங்களை நோக்கியதும்
இடக்கை வலமானது, வலக்கை இடமானது.
நாற்பது வருசம் கடலோடிய மனிசன்
கரைக்கு வரத் தெரியாமல்
தாமரை இலைகளுக்குள் வட்டமடித்தார்.
பெடியன் சிரித்தான், கேட்டு வாங்கினான்,
அவனும் அதே வட்டம்.

பிறகு அமலதாசன் செய்ததை
நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை.
குளத்துக்கு முதுகு காட்டிக் குந்தினார்.
எஞ்சினடியில் இருக்கிற மாதிரி
ஒரு தோள் பணிய,
கழுத்தை மட்டும் திருப்பித்
தனக்குப் பின்னால் வருகிற தன் போட்டைப் பார்த்தார்.
அவரும் அதுவும் இப்போது ஒரே திசை.
இடம் மறுபடி இடமானது.
கெம்மாமல் வந்து
அவருடைய செருப்பில் முட்டி நின்றது.

இரவு கடை பூட்டமுன்
இன்னொருதரம் தராசில் வைத்தேன்.
முப்பத்தேழு தசம் இரண்டு.
ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட
முத்தையன்கட்டு உள்ளே இருக்கிறது.
குலுக்கினால் கேட்கிறது.
எதால கசியுதெண்டு
இன்னும் பிடிபடேல்லை.